முன்சக்கரங்களுக்கு அவசரமில்லை

லிவர்பூல்
6-10-1957

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். குளிர் அப்படி.

உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக்காக எங்களைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். பஸ் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அதனால் மலாயாவிலிருந்து வந்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மோரிஸ் கார் வாங்கியிருக்கிறோம். ஓட்டுவது நான்தான். ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று நீங்கள் லோரியில் உட்காரவைத்து என்னை அழவைத்தது இப்போது உதவுகிறது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. டயர்கள்தான் நான்கும் மொட்டை.

டிசம்பருக்குப் பிறகு பனி கொட்டும், ரோடு கண்ணாடியாகிவிடும் என்கிறார்கள். இங்கே கராஜ் வைத்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவர், "நாலு சக்கரத்துக்கும் பனிக்கால டயர் போடு. முடியாவிட்டால் காரை எடுக்காதே" என்கிறார். நாலும் புதிதாக வாங்க எங்களால் ஆகாது. நம் கடையில் நீங்கள் செய்வதுபோல, தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டிச் சுட்ட டயர் இங்கேயும் மலிவாகக் கிடைக்கிறது. அது பனிக்குத் தாங்குமா? நாலுக்குப் பதில் இரண்டு போட்டால் போதுமா? மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றுவதே இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பை மறவாத,
ஜெயபாலன்

*

காஜா பெராங், மலாக்கா
27-10-1957

தம்பி ஜெயபாலனுக்கு, மருதமுத்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். தீபாவளிக்கு உன் அக்காள் சுட்ட முறுக்கு என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பதம் பார்த்துவிட்டது. அதைத் தவிர வீட்டில் நோய்நொடி இல்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் பனியைக் கண்டேனா? கண்டதெல்லாம் பாசாரில் மீன்காரன் உடைக்கிற ஐஸ்தான். சரி, அதுவும் தண்ணீர் உறைந்ததுதானே என்று ஐஸ் பாக்டரியிலிருந்து முழுக்கட்டி ஒன்றைச் சாக்கும் மரத்தூளுமாகச் சுற்றி, மூன்று சக்கரப் பேச்சா வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். புது ரப்பர் ஒட்டிய டயரில் ஒரு துண்டு, மொட்டை டயரில் ஒரு துண்டு வெட்டி, பலகைக்கடியில் ஆணியடித்து, ஐஸ் கட்டியின்மேல் வைத்து, பாரத்துக்கு இரும்பை ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தேன். தெருவே கூடிவிட்டது. என்ன ஆச்சு தெரியுமா? இரண்டும் லேசில் நகரவில்லை! மொட்டைத் துண்டும் பிடித்துக்கொண்டு நின்றது. எதிர்க்கடைச் சீனன்கூட, சுதந்திரம் வந்த அன்று கத்தினது போலவே "மெர்டேக்கா!" என்று கத்தினான்.

ஆகவே கேட்டுக்கொள். பின்சக்கரம் இரண்டுக்கும் ஆழமாக வெட்டு உள்ள ஒட்டு டயர் போடு. முன்சக்கரத்துக்குப் பழையதே போதும். தோட்டத்துச் செம்மண் சேற்றில் லோரி ஏறுவது பின்சக்கரத்தால்தான். முன்சக்கரம் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி, கூட வந்தால் போதும், வேலை செய்ய வேண்டாம். கிழவன் நாலு விற்கப் பார்க்கிறான். இங்கே கொடி ஏற்றியாகிவிட்டது, இன்னும் அவன் சொன்னால்தான் நம் டயர் உருளுமா? அந்த ரப்பரே இங்கே பால் வெட்டிப் போனதுதானே!

தைரியமாக ஓட்டு. உன் அக்காள் ஊறுகாய் அனுப்பலாமா என்று கேட்கிறாள். கப்பலில் ஒழுகிவிடும் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

உன் நலம் நாடும்,
மருதமுத்து

*

லிவர்பூல்
17-11-1957

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பல் இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததில் குளிர்கூடக் கொஞ்சம் விட்டுப்போனது.

அதைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கிளந்தான் பையன் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான். காரில் பங்குள்ள நாலு பேரில் சந்திரமதி என்று ஒரு பெண் இருக்கிறாள். நம் ஊர்தான். புக்கிட் பாருவில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை என்பவரின் மகள். அவள் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "நம்ம ஊரு வெயில்ல அந்த ஐஸு எவ்ளோ நேரம் ஐஸா இருந்துச்சுன்னு ஒங்க மாமாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். எதையும் குடைந்து பார்க்கிற சுபாவம். கணக்கு வாத்தியாராகப் போகிறவள் அல்லவா!

நீங்கள் சொன்னபடியே பின்சக்கரங்களுக்கு இரண்டு ஒட்டு டயர் போட்டுவிட்டோம். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டிக்கொடுத்தார். மிச்சப்பட்டதில் ஆளுக்கொரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கினோம். எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உங்கள்,
ஜெயபாலன்

*

காஜா பெராங், மலாக்கா
1-12-1957

தம்பி ஜெயபாலனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்தது. மழை விடாமல் பெய்கிறது, கடையில் வேலை அதிகம். நீண்ட கடிதம் எழுத நேரமில்லை.

அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா? வசதிப்பட்டால் முன்சக்கரங்களையும் மாற்றிவிடு. அவசரமில்லை. மெதுவாக ஓட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மருதமுத்து

*

லிவர்பூல்
2-2-1958

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பொங்கல் வாழ்த்து அனுப்பத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். பரீட்சை நெருங்குகிறது.

காரை விற்றுவிட்டோம். இனி அதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பஸ்ஸிலேயே போய் வருகிறேன், அதுவும் ஒழுங்காகத்தான் வருகிறது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஜெயபாலன்

*

காஜா பெராங், மலாக்கா
23-2-1958

என் அருமைத் தம்பி ஜெயபாலனுக்கு அக்காள் அஞ்சலை ஆசீர்வாதம்.

நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். நீ சுகமாக இருக்கிறேன் என்று எழுதினாயே, அதைத்தான் இனி நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அம்மாள் அழுதுகொண்டு நின்றார். விசாரித்தால், புக்கிட் பாரு பொன்னுதுரையின் சம்சாரமாம். மகள் லண்டன் படிப்புக்குப் போன இடத்தில் காடி பனியில் வழுக்கிக் கல்சுவரில் மோதி, கணுக்கால் நொறுங்கி, இரண்டு தடவை அறுத்துவைத்துத் தைத்திருக்கிறார்களாம். "காடி ஓட்டுனது யாரும்மா?" என்று கேட்டேன். "ஜெயபாலன்னு நம்மூரு பையன்தான், பாவம், அவனுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். நான்தான் அவன் அக்காள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன்டா மறைத்தாய்? நாங்கள் மூன்றாம் மனிதர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளவா உன்னைக் கப்பலேற்றினோம்?

மாமாவிடம் சொன்னேன். கையில் வைத்திருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து நான் கேட்கப் போனால் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். எனக்கும் ஒன்று புரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். நீ டயர் போட்டதாக எழுதிய கடிதம் வந்த வாரம், ஐஸ் பாக்டரி லோரி ஓட்டுகிற சேதுபதி கடைக்கு வந்தார். ஐஸ் கட்டிக் கதையை மாமா அவரிடமும் அளந்தார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "மரத்தூள களுவாமயா இளுத்தீங்க? தூளு இருந்தா செருப்பே வளுக்காதுண்ணே! களுவிட்டு இளுத்துப் பாருங்க!" என்றார். மாமாவும் கூடச் சிரித்தார். மறுநாள் வேறொரு கட்டி வாங்கி, குழாயடியில் கழுவி இழுத்துப் பார்த்தார். மொட்டைத் துண்டு சோப்புத் துண்டு மாதிரி அந்தப் பக்கம் போய் விழுந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். உனக்கு உடனே எழுதியிருப்பார் என்றுதான் இருந்தேன். எழுதவில்லையா? எழுதியும் நீ மாற்றவில்லையா?

அந்தப் பெண்ணை நீ போய்ப் பார்க்கிறாயா? தினமும் போ. எதுவும் மறைக்காமல் பதில் போடு.

உன் அக்காள்,
அஞ்சலை

*

லிவர்பூல்
9-3-1958

அன்புள்ள மாமாவுக்கு,

அக்காவின் கடிதம் கிடைத்தது. உங்கள் இருவர் உடல்நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு அடுத்த வாரம். பள்ளியிலிருந்து திரும்பும்போது இறக்கத்தில் ஒரு வளைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். முன்சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் நேராகச் சுவருக்குப் போனது. என் பக்கத்தில் சந்திரமதி இருந்தாள். அவள் கத்தவில்லை. "ஜெயபாலன், திருப்புங்க" என்றுதான் சொன்னாள். நான் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இனி அவளால் சாய்ந்துதான் நடக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரும்பலகை முன்னால் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தால் பெரிது. பள்ளிக்கூட வேலை கிடைக்குமா என்பதே சந்தேகம். உங்களுக்குச் சொன்னால் டயரைப் பற்றி நினைத்து மனம் உடைந்துபோவீர்கள் என்றுதான் மறைத்தேன். ஓட்டியவன் நான். குற்றம் என்னுடையது.

அக்கா எழுதியது பற்றி உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் டிசம்பர் கடிதத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படித்தேன். அது வந்த அன்று சந்திரமதி, "முன்னுக்கும் மாத்திடலாமே, என் பங்க நான் இப்பவே போடுறேன்" என்றாள். "மாமா அவசரமில்லைன்னு எழுதியிருக்காரு" என்று சொன்னவன் நான்.

ஜெயபாலன்

*

காஜா பெராங், மலாக்கா
27-4-1958

தம்பி,

வீட்டில் சுகம். உன் கடிதம் வந்து இத்தனை வாரம் கழித்து எழுதுகிறேன். நீ கேட்காததற்குப் பதில் எழுத வேண்டியிருந்ததால் கை வரவில்லை.

எனக்குத் தெரியும். கழுவின ஐஸில் துண்டு வழுக்கிப் போனதைப் பார்த்த அன்றே தெரியும். 'நான் சொன்னது தப்பு, நாலையும் மாற்று, மாற்றும் வரை காரைத் தொடாதே.' இவ்வளவுதான் எழுத வேண்டும். உட்கார்ந்தேன். ஊரெல்லாம் என் ஐஸ் கட்டிப் பெருமையைப் பேசியாகிவிட்டது. நீ அங்கே நாலு பேர் மத்தியில் படித்துக் காட்டியிருக்கிறாய். அந்தக் கிழவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்று ரோசம் வந்தது. அதனால் மாற்றிவிடு என்று எழுதிவிட்டு, மானத்துக்காக 'அவசரமில்லை' என்று சேர்த்தேன். சேர்க்கும்போதே அது பொய் என்று தெரியும், தம்பி. யாரும் ஏமாற்றி என்னை எழுதவைக்கவில்லை.

மார்ச்சிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிளில் புக்கிட் பாரு போகிறேன். உன் அக்காளுக்குக்கூடச் சொல்லவில்லை, பிறகு கண்டுபிடித்துவிட்டாள். பொன்னுதுரை தங்கமான மனுஷர். ஜெயபாலன் என் மச்சான் என்று சொன்னபோதுகூட, "சின்னப் பையன், அவன் என்னா பண்ணுவான்" என்றார். மகள் திரும்பி வந்தால் பஸ் ஏற முடியாதென்று ஒரு பழைய ஆஸ்டின் வாங்கி வைத்திருக்கிறார். அதற்கு நல்ல டயராகப் பார்த்து நாலையும் நானே மாட்டிக்கொடுத்தேன். போகிற வாரமெல்லாம் எதையாவது முடுக்கிக் கொடுக்கிறேன்.

முதல் நாளே அவர் கேட்டார். "நீங்க டயரு தொளில்ல இருக்கீங்க. சொல்லுங்க, டயரால இப்பிடி ஆயிருக்குமா?" சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன். "பனிக்கு முன்னால எந்த டயரும் நிக்காதுண்ணே" என்று வந்தது. அவர் தலையாட்டினார். அவர் சம்சாரம் எனக்குக் காப்பி கொடுத்தார். அதைக் குடித்தேன். ஒவ்வொரு வாரமும் குடிக்கிறேன்.

உன்மேல் குற்றத்தைப் போட்டுக்கொள்ளாதே. படி.

மருதமுத்து

*

லிவர்பூல்
11-5-1958

மதிப்பிற்குரிய மருதமுத்து அவர்களுக்கு,

புக்கிட் பாரு பொன்னுதுரையின் மகள் சந்திரமதி எழுதுகிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. வழக்கமாகக் கடிதத்தில் எழுதும் நல விசாரிப்பை எழுத எனக்கு மனம் வரவில்லை. மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாலன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மரத்தூள், இரண்டாவது ஐஸ் கட்டி, நீங்கள் சேர்த்த அந்த வார்த்தை, எல்லாம். யார்மேலும் குற்றமில்லை என்று நான் ஒரு வரி எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். என்னால் எழுத முடியாது. மரத்தூளைக் கவனிக்காமல் போனது யாருக்கும் நடக்கக்கூடியது. அதை எண்ணி நான் கோபப்படவில்லை. பிறகு தெரிந்துகொண்டீர்களே, அதற்குத்தான் கோபம். இரண்டே வரி எழுதியிருந்தால் நான் அந்தக் காரில் ஏறியிருக்க மாட்டேன். காலையில் ஒரு காலுறையைப் போடுவதற்கே நான் படும் பாட்டை உங்களிடம் சொல்லி உங்களை அழவைக்க விரும்பவில்லை.

நான் எழுத வந்தது வேறு. அப்பா ஒரு கடிதம் விடாமல் உங்களைப் புகழ்ந்து எழுதுகிறார். ஞாயிறு தவறாமல் வருகிறீர்களாம். டயர் மாட்டிக் கொடுத்தீர்களாம். ரத்த உறவுகூட இப்படிச் செய்யாதாம். "ஒரு டயருக்காரரே சொல்லிட்டார், அது பனியோட வேலைதான்னு" என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் என்ன பதில் போடுவது? மூன்று கடிதமாக மழை, வெயில் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஐயா, கால் போனது எனக்கு. உங்களுக்காகப் பொய்யும் நானே சொல்ல வேண்டுமா?

ஆகஸ்டில் நான் ஊருக்கு வருகிறேன். நான் வந்து அப்பாவுக்குச் சொல்லும்படி வைக்காதீர்கள். சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். சொல்ல முடியாவிட்டால் போகாதீர்கள்.

சந்திரமதி

*

காஜா பெராங், மலாக்கா
25-5-1958

சந்திரமதிக்கு,

மகளே என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே தெரியும். வேறு தாளில் எழுத நினைத்தேன். பிறகு, இனி எதையும் அழகு பண்ணி அனுப்பக் கூடாது என்று இதிலேயே எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இன்று ஞாயிறு, போனேன். எங்கள் வீட்டு மரத்துப் பப்பாளி மூன்றைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். வெறுங்கையாகப் போயிருக்க வேண்டும், அந்த அறிவுகூட எனக்கு இல்லை. உன் அப்பா காடி கழுவிக்கொண்டிருந்தார். பழங்களை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு டயராலயான்னு கேட்டீங்க. டயருதான். முன்னுக்கு மாத்த வேணாமுன்னு சொன்னவன் நான்தான். அது தப்புன்னு தெரிஞ்ச பெறவும் அவசரமில்லைன்னு எளுதுனேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைத்தார். ஐஸ், மரத்தூள், சேதுபதி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"நவம்பர்லயே."

"எம் பொண்ணுக்கு அடிபட்டது ஜனவரி."

"ஆமாண்ணே."

அவர் என்னை வையவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். குழாயை மூடினார். ஈரக்கையைத் துடைக்காமலே உள்ளே போய்விட்டார். நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உன் அம்மா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று பப்பாளியையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சைக்கிளில் வைத்துக் கயிற்றைக்கூடக் கட்டிவிட்டுப் போனார்.

பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் ரோட்டில் உட்கார்ந்து அழுதவனை எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். வீட்டில் பிள்ளைகள் பழத்தை வெட்டச் சொன்னார்கள், உன் அப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்ததை அவர்களுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அஞ்சலைதான் எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த ஞாயிறும் போவேன். சொல்லாமல் போகாதே என்றாய். இனி நான் சொல்லிவிட்டுப் போகிறவன். கதவைத் திறக்காவிட்டால் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வருவேன். போ என்று அவர் வாயால் சொன்னால் போய்விடுவேன், அதற்குப் பிறகு வர மாட்டேன். நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ உன் அப்பாவுக்கு இனி எதையும் மறைத்து எழுத வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த நாலு மாதத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது, அம்மா?

மருதமுத்து